எலி விழுந்த இடம்

வெயில் இன்னும் உரலைத் தொடவில்லை, தொட்டால்தான் அவர் வருவார், அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நாச்சாத்தாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள், கூரையில் பதித்திருந்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்கிய காலை வெயில் ஒரு முறத்தின் அகலத்துக்குத் தரையில் விழுந்து கிடந்தது, கூடத்து மூலையில் இருந்த கல்லுரலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டே இருந்தால் நகராது, மாவைப் பிசைந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒரு விரற்கடை போயிருக்கும், கள்ளத்தனமான வெளிச்சம், அன்றைக்கு இதற்குள்தான் அது விழுந்தது, விட்டத்திலிருந்து பொத்தென்று, ஈரத் துணியை உதறிப் போட்ட மாதிரி, விழுந்த உடனே சாகவில்லை, எழுந்தது, கள் குடித்தவனைப் போலத் தள்ளாடியது, மனிதர்கள் நிற்கிறார்களே என்ற பயம்கூட அதற்கு இல்லை, வெளிச்சத்தின் விளிம்பைச் சுவர் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து பக்கவாட்டில் சாய்ந்தது, பின்னங்கால் உதறியது, மூக்கோரத்தில் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான், எலி விழுந்திருச்சு என்று மாமியார் வீறிட்ட சத்தம் இந்தச் சுவர்களில் எங்கேயோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இருபது வருஷமாகச் சுண்ணாம்பு அடிக்க அடிக்க அது போகவில்லை.

அத்தை, வெல்லம் பத்துமுங்களா என்கிறாள் வேலாத்தாள், மகன் பழனியப்பனுக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள், எதிரே உட்கார்ந்து பஞ்சைத் திரியாகத் திரித்துக்கொண்டிருக்கிறாள், பத்தும் கண்ணு என்கிறாள் நாச்சாத்தாள், பச்சரிசி மாவும் வெல்லமும் கையில் ஒட்டாமல் திரண்டு வருகின்றன, இதை உருண்டையாகப் பிடித்து, நடுவில் குழித்து, நெய் ஊற்றித் திரி போட்டால் மாவிளக்கு, தெருக்கோடியில் இருக்கும் பிளேக் மாரியம்மனுக்கு முதல் மாவிளக்கு இந்த வீட்டிலிருந்துதான் போக வேண்டும், அதையும் நாச்சாத்தாள்தான் எடுத்துப் போக வேண்டும், ஏனென்றால் கோயம்புத்தூர் மண்டித் தெருவிலேயே ஆத்தா தொட்டுப் பிழைத்த உடம்பு அது ஒன்றுதான், அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பெண்கள் குடத்துத் தண்ணீரை அவள் காலில் ஊற்றிக் கும்பிடுவார்கள், கோயில் வாசலில் அவள் வெறுமனே நிற்பாள், கதையை அவர்தான் சொல்வார், நஞ்சப்பன், அவள் கணவர், தவச மண்டிக்காரர், தானியம் வாங்கி விற்கிறவர், வருஷத்துக்கு வருஷம் அந்தக் கதைக்குச் சதை பிடித்துக்கொண்டே வருகிறது, இவளுக்கு அக்குளில் நெறி கட்டிவிட்டது, பிளேக் வந்து பிழைத்தவர் யார், மனசைக் கல்லாக்கிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம், பூட்டிய வீட்டுக்குள் ஆத்தா வந்து தண்ணீர் கொடுத்தாள் என்று சொல்வார், முதல் வருஷம் ஜன்னல் வழியாக ஒரு கை என்றுதான் இருந்தது, பிறகு அந்தக் கைக்கு வளையல் வந்தது, பிறகு வேப்பிலை வந்தது, போன வருஷம் வெளியே ஒரு சிங்கம் உறுமியது என்றார், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது, இவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், நிற்பது மட்டும்தான் இவள் வேலை, அவள் வாயிலிருந்து ஒரு சொல் இதுவரை யாரும் கேட்டதில்லை, கேட்டதில்லை என்பதைத்தான் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாரியம்மன் நோம்பிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் இன்றைக்கே விளக்குப் போட வேண்டும் என்கிறார் அவர், ஏனென்றால் போன வாரம் அவருடைய கிட்டங்கியில் அடுக்கி வைத்திருந்த சோள மூட்டைகளுக்கு நடுவில் மறுபடியும் எலி விழுந்துவிட்டது, ஒன்றல்ல, பொறுக்கப் பொறுக்கத் தீரவில்லை என்று பழனியப்பன் வந்து சொன்னான், முந்தா நாள் பின்தெருவில் ஒரு தச்சர் வீட்டில் தாயும் பிள்ளையும் ஒரே பகலில் போய்விட்டார்கள், முனிசிபாலிட்டியிலிருந்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார், பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறோம், தெருவில் ஒருவர் விடாமல் வர வேண்டும், கிட்டங்கி ஓட்டைப் பிரித்து வெயில் விட வேண்டும், மூட்டைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார், நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தபோது நஞ்சப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார், இந்தா, நாளைக்கு நான் பேசலை, நீதான் பேசோணும், நான் சொன்னா மண்டிக்காரன் தன் மூட்டைக்காகச் சொல்றான்னு போயிருவாளுக, நீ உன்ற வாயால ஒரு வார்த்தை சொல்லு, எனக்கு ஆத்தாதான் காவல் இருந்தா, ஊசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு, அப்பறம் பாரு, ஒரு பொம்பளை கை நீட்ட மாட்டா, தெருவே முடியாதுன்னு நின்னா அந்த இன்ஸ்பெக்டர் என்ன பண்ணுவான், குடையை விரிச்சுட்டுப் போயிருவான், ரசம் ஊத்து. அவள் ரசம் ஊற்றினாள், அவள் சொல்லாததை எல்லாம் சரி என்றே எடுத்துக்கொண்டு பழகியவர் அவர், ஏப்பம் விட்டு எழுந்துபோனார்.

அத்தை, ஊசி போட்டா அப்பறம் புள்ள தங்காதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா என்று வேலாத்தாள் தலையைத் தூக்காமல் கேட்கிறாள், ஆரு கண்ணு சொன்னது, எல்லாருந்தானுங்க, வெள்ளைக்காரன் நம்ம ரத்தத்தை உறிஞ்சிக்கிட்டுக் குழாய்த் தண்ணியை ஏத்தறானாம், கெணத்துக்கிட்ட ஒரே பேச்சு, நீங்க இன்னிக்குச் சொல்றதைக் கேட்டுக்கிட்டு அப்பறம் முடிவு பண்ணிக்கலாம்னு எங்க செட்டுல அத்தனை பேரும் இருக்கறமுங்க, நானுந்தான். அவள் சிரித்தாள், பல் வரிசை அழகான பெண், நாச்சாத்தாளுக்கு மாவு உருண்டை விரலுக்குள் கனத்தது, ஊசிக்குப் பிறகு நான் இரண்டு பெண்களைப் பெற்றேன் கண்ணு என்ற வாக்கியம் நாக்கின் நுனி வரை வந்து, எத்தனையோ தடவை வந்தது போலவே வந்து, திரும்பிப் போனது.

ஊசி உனக்குத்தான் முதல்ல, எலி விழுந்த அந்த வருஷம் அப்படித்தான் அவர் சொன்னார், அந்தச் சொல்லை அவள் எத்தனை காலம் இனிப்பாக வைத்திருந்தாள், காலம் என்ன காலம், இரண்டே நாள், ஆனால் அந்த இரண்டு நாளும் அவளுடைய கல்யாண வாழ்க்கையிலேயே நீளமானவை, அப்போது மாமனார் உயிரோடு இருந்தார், தெருவுக்குப் பெரியவர், கோயில் கல்லில் கற்பூரம் ஏற்றி, இந்தத் தெருவில் எவனும் ஊசிக்குக் கை நீட்டக் கூடாது, நீட்டினவன் வீட்டில் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டோம் என்று எல்லோரையும் சத்தியம் பண்ண வைத்திருந்தார், நஞ்சப்பனும்தான் கற்பூரத்தை அடித்தார், அடித்த கையோடு வீட்டுக்கு வந்து அவள் காதில், நாளைக்கு உன்ற அம்மா ஊட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டுக் கெளம்பு, ஆசுபத்திரிக்குப் போறோம் என்றார், பயமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது, ஊரே பயந்து கிடக்கும்போது தன் பெண்டாட்டியை முதலில் காப்பாற்ற நினைக்கிற ஆண், அப்படித்தான் நினைத்தாள், ஒற்றை மாட்டு வண்டியில் போனார்கள், தெருவெங்கும் சுண்ணாம்பும் வேப்பிலைப் புகையும், பூட்டிய வீடுகள், சட்டிபானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே காட்டுச் சாளைக் குடிசைகளுக்குப் போகிற சனம், ஆசுபத்திரித் தாழ்வாரத்தில் வெள்ளை உடுத்த நர்சம்மா, ரவிக்கைக் கையை மேல ஏத்தும்மா, இன்னும் மேல, பயப்படாதே, காய்ச்சல் வரும், கை வலிக்கும், அக்குளில் நெறி கட்டினாலும் கட்டும், அதெல்லாம் ஊசியோட வேலைதான், தானாப் போயிரும் என்றாள், அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், தலையை ஆட்டினார், ஒவ்வொரு சொல்லையும் கேட்டார், நீங்க என்று நர்சம்மா அவரைப் பார்த்தபோது நான் நாளைக்கு வர்றேனுங்க என்று சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார், திரும்பும் வழியில் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார், அவள் அதுவரை குடித்ததில்லை, காற்று மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது, இருவரும் சிரித்தார்கள், இதை ஆருகிட்டயும் மூச்சு விடாதே, நம்ம பையன் மேல சத்தியம் பண்ணு என்றார், பண்ணினாள், அந்தச் சிரிப்புக்காகவே பண்ணினாள்.

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு, மழையில் நனைந்த மூட்டையோ, பூசணம் வாசனை அடிக்கிற மூட்டையோ வந்தால் முதலில் ஒரு கை அள்ளிக் கோழிக்குப் போடுவார்கள், கோழி மறுநாளும் நின்று கொக்கரித்தால் மூட்டையைப் பிரிப்பார்கள், அதற்காகவே மண்டி வாசலில் ஒரு கோழி எப்போதும் காலில் கயிற்றோடு திரியும், கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அதைப் பார்த்துவிட்டு, பாவமுங்க அது என்றபோது, அதுக்கென்ன, முதல் கை அதுக்குத்தான், ராசாத்தி மாதிரி என்று அவர் சிரித்தார், இதை அவள் ஆசுபத்திரியில் நினைக்கவில்லை, சோடா குடிக்கும்போது நினைக்கவில்லை, பூட்டிய கதவுக்குப் பின்னால் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தபோதுதான் அந்தக் கோழி எங்கிருந்தோ வந்து அவள் தலைமாட்டில் நின்றது, அவளை ஒரு கண்ணால் பார்த்தது.

மறுநாள் எலி விழுந்தது, இந்த வெளிச்சத்துக்குள், எலி விழுந்த வீட்டில் அடுத்த வேளை அடுப்பெரியக் கூடாது, இருப்பதை வாரிக்கொண்டு காட்டுச் சாளைக்குப் போய்விட வேண்டும், வண்டி வந்து வாசலில் நின்றது, மூட்டைகள் ஏறின, அந்தக் குடத்தை எடு என்றாள் மாமியார், நாச்சாத்தாள் இடது கையை நீட்டினாள், கை தூக்க வரவில்லை, உடம்பு காலையிலிருந்தே அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது, குடம் கையிலிருந்து நழுவி உருண்டது, மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள், பக்கத்தில் வந்து அக்குளில் விரலை வைத்தாள், வைத்த விரலைச் சுட்டது போல இழுத்துக்கொண்டாள், அய்யோ இவளுக்கு நெறி கட்டியிருக்கு, டேய் நஞ்சப்பா, இங்க வாடா, இவளுக்கு நெறி கட்டியிருக்குடா, அவர் வந்தார், வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றார், நாச்சாத்தாள் அவரைப் பார்த்தாள், ஒரு சொல், ஒரே ஒரு சொல் போதும், அதை இப்போது சொல்லிவிடுவார், அப்பன் வைதாலும் தெரு ஒதுக்கினாலும் இதற்குமேல் மறைக்க முடியாது, சொல்லிவிடுவார், இது எப்படிடா வந்துச்சு, எப்பிருந்து என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டு கேட்டாள், அவர் வண்டி மாட்டைப் பார்த்தார், மாட்டின் கொம்பைப் பார்த்தார், தெரியலையேம்மா என்றார்.

தெரியலையேம்மா. ஒரு பிள்ளை அம்மாவிடம் சொல்கிற சாதாரணக் குரலில், சாவி எங்கே என்று கேட்டால் சொல்வது போல. ஊசிங்க அத்தை, ஊசி, ஆசுபத்திரியில போட்ட ஊசிங்க என்று நாச்சாத்தாள் சத்தியத்தை உடைத்துக்கொண்டு கத்தினாள், பையன் மேல் பண்ணின சத்தியம், பையன் பாட்டியின் இடுப்பில் இருந்து அம்மா என்று கையை நீட்டிக்கொண்டிருந்தான், என்ன ஊசிடா சொல்றா என்று மாமியார் மகனைத் திரும்பிப் பார்த்தாள், காய்ச்சல்ல பெனாத்தறாம்மா என்றார் அவர், அதுவும் அதே குரலில், மாமியார் கும்பிட்டாள், மருமகளை அல்ல, அவளுக்குள் வந்துவிட்டதாக நினைத்த நோயைக் கும்பிட்டாள், ஒரு செம்புத் தண்ணீரைக் காலால் தள்ளி உள்ளே விட்டாள், கதவு சாத்திற்று, வெளியே நாதாங்கி விழுந்தது, பூட்டு, ஆசுபத்திரிக்காரன் கேட்டா அம்மா ஊட்டுக்குப் போயிட்டான்னு சொல்லிரு என்று மாமனார் சொல்வது கேட்டது, வண்டி கிளம்பியது, பையனின் அழுகை தெருமுனை வரை போய்த் திரும்பியது, அதற்குப் பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, உலகமே சாளைக்குப் போய்விட்டது.

செம்புத் தண்ணீர் எப்போது தீர்ந்தது என்று தெரியாது, எலி அங்கேயே கிடந்தது, எறும்பு வந்தது, வெளிச்சம் அதைத் தொட்டுக்கொண்டு போய் உரலில் ஏறி இறங்கி அணைந்தது, மறுபடி வந்தது, சில சமயம் அது குளமாக இருந்தது, அவள் குனிந்து கை நிறைய அள்ளுவாள், கையில் ஒன்றும் இருக்காது, சில சமயம் நர்சம்மா அதற்குள் நின்று இன்னும் மேல ஏத்தும்மா என்பாள், கையை மேலே ஏற்ற முடியாது, சில சமயம் அவர் சோடாவோடு வருவார், கோலியை அமுக்குவார், உள்ளேயிருந்து தெரியலையே தெரியலையே என்று காற்று வரும், இது பிளேக் இல்லை, ஊசியின் வேலை, தானாகப் போய்விடும் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள், ஆனால் காய்ச்சலில் தனியாகக் கிடக்கும்போது தன் சொல்லைத் தானே நம்புவது கடினம், கூட ஒருவர் தலையாட்ட வேண்டும், தலையாட்ட வேண்டியவர் வண்டியில் போய்விட்டார், அப்புறம் ஜன்னலில் ஒரு குரல், உள்ளார ஆருங்க, உசுரோட இருக்கறதாருங்க, அவள் ஊர்ந்து போனாள், கம்பிக்கு வெளியே ஒரு பெண், கையில் இரும்பு இடுக்கி, தகர டப்பா, டப்பாவுக்குள் செத்த எலிகள், முனிசிபாலிட்டிக்கு எலி பொறுக்குகிற மாதம்மா, இந்தத் தெருவில் யாரும் அவளை ஜன்னல் பக்கம் அண்டவிட்டதில்லை, சந்தின் கோடியில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவாள், தண்ணி என்றாள் நாச்சாத்தாள், மாதம்மா அக்கம்பக்கம் பார்த்தாள், என்ற கையில வாங்கிக் குடிப்பீங்களா அம்மிணி என்று கேட்டாள், ஒப்புக்குக் கேட்கிற கேள்வியாக அல்ல, நிஜமாகவே அவளுக்குப் பதில் தெரியாததால் கேட்டாள், குடு, குடு, கம்பிக்குள் சட்டி நுழையவில்லை, மாதம்மா போய்ப் பப்பாளித் தண்டு ஒன்றை ஒடித்து வந்தாள், அதன் ஒரு முனை நாச்சாத்தாளின் வாயில், மறுமுனையில் மாதம்மா தன் சட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தாள், பப்பாளிப் பால் கசப்போடு தண்ணீர் தொண்டையில் இறங்கியது, கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கை இவள் கண்ணுக்கு வெகு அருகில் இருந்தது, சுண்ணாம்பில் வெந்து தோலுரிந்த விரல்கள், வளையல் இல்லை, நகக்கண்ணில் கரி.

மாதம்மா மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும், சாளைக்குப் போயி உங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிட்டனுங்க அம்மிணி, உசுரோட பேசறாங்க, வந்து தெறந்து உடுங்கன்னு என்றாள், என்ன சொன்னார் என்று நாச்சாத்தாள் கேட்டாள், ஒண்ணுஞ் சொல்லலீங்க, தூர நின்னு கேட்டுக்கிட்டாருங்க, தலையை ஆட்டுனாருங்க, சரி போன்னாருங்க. ஆசுபத்திரியில் நர்சம்மாவுக்கு ஆட்டின அதே தலை. அன்றைக்கு அவர் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை, நெறி வற்றிக்கொண்டு வந்தது, காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது, கலயத்தில் கிடந்த பொட்டுக்கடலையை அள்ளித் தின்றாள், கதவு திறந்த காலையில் அவள் வெளிச்சத்துக்குள் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள், எலியை ஏற்கெனவே துடைப்பத்தால் தள்ளி மூலையில் ஒதுக்கியிருந்தாள், வாசலில் நாலு ஆண்கள், அவர்கள் தோளில் பச்சை மூங்கில், கையில் கோடித் துணி, முன்னால் அவர், மூங்கில் தரையில் விழுந்தது, ஆத்தா என்று ஒருவன் அலறிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான், ஆத்தா பொழைக்க வெச்சுட்டா, மற்றவர்களும் விழுந்தார்கள், அவர் மட்டும் நின்றார், அவள் அவரைப் பார்த்தாள், அவரும் பார்த்தார், எல்லாம் தெரிந்த இரண்டு பேர், பிறகு அவரும் மெதுவாக மண்டியிட்டார், அவள் பாதத்தில் தலையை வைத்தார், கண்ணீர் பாதத்தில் சூடாகப் பட்டது, மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள், கேட்டிருந்தால் அந்தக் கணத்திலேயே எல்லாவற்றையும் விழுங்கியிருப்பாள், அவள் அப்படித்தான் வளர்ந்தவள், அவர் தலையைத் தூக்கினார், தெருவுக்கே கேட்கும்படி, ஆத்தா காப்பாத்திட்டா என்றார்.

ஆத்தா எப்படி வந்தா, என்ன குடுத்தா என்று மாமியார் அவளை உலுக்கி உலுக்கிக் கேட்டாள், ஒரு கை வந்துச்சுங்க, தண்ணி குடுத்துச்சு என்று மட்டும் சொன்னாள், அது யார் கை என்று சொன்னால் அந்தக் கையில் குடித்தவளை இந்த வீட்டு அடுப்படிக்குள் விட மாட்டார்கள், பையனைத் தொட விட மாட்டார்கள், அந்த வாரமே அவர் காட்டில் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு நாள் காய்ச்சலோடு படுத்தார், குளிக்கப் போகையில் இடது தோளை யாருக்கும் காட்டாமல் துண்டால் மூடிக்கொண்டார், ஊசித் தடத்தை அவள் பார்த்துவிட்டாள், கோழி பிழைத்துக்கொண்டது, மூட்டையைப் பிரிக்கலாம். மாதம்மாவை அப்புறம் ஜன்னலில் காணவில்லை, எலி பொறுக்கறவளுக்கும் வந்திருச்சாம், பிளேக் கொட்டாயில கொண்டுபோயிப் போட்டாங்களாம், முடிஞ்சு போச்சாம் என்று யாரோ யாரிடமோ கொள்ளுக்கு விலை கேட்பது போலச் சொல்லிக்கொண்டு போனார்கள், மாதம்மாவிடம் யாரும் ஊசிக்காக ரவிக்கைக் கையை மேலே ஏற்றச் சொன்னதில்லை, அந்தத் தை மாதம் தெருக்கோடியில் ஆத்தாளுக்குக் கல் நட்டார்கள், கல்லுக்குக் கை வைத்தார்கள், கைக்கு வளையல் போட்டார்கள், முதல் விளக்கை ஏற்ற நாச்சாத்தாளைக் கூப்பிட்டார்கள், அவள் அந்தக் கல்லின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அது கரி படாத கையாக இருந்தது.

அத்தை, உருண்டையைப் புடிங்க, மாவு காயுது என்கிறாள் வேலாத்தாள், நாச்சாத்தாள் பிடிக்கிறாள், கட்டை விரலால் நடுவில் அமுக்கிக் குழிக்கிறாள், வெயில் உரலின் அடியைத் தொட்டுவிட்டது, அத்தை, ஒண்ணு கேக்கட்டுங்களா, வையாதீங்க, ஆத்தா கை எப்படி இருந்துச்சுங்க. இந்தக் கேள்வியை இருபது வருஷமாக யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவரிடம்தான் கேட்டார்கள், கரி புடிச்ச கை கண்ணு என்றாள் நாச்சாத்தாள், அவளுக்கே அவள் குரல் புதிதாக இருந்தது, சுண்ணாம்புல வெந்த கை, வளையல் கெடையாது, எலி பொறுக்கற மாதம்மான்னு ஒருத்தி, அவ கை, தண்ணி குடுத்துட்டு அவளே செத்துப் போனா. வேலாத்தாளின் விரலில் திரி பாதியில் நின்றது, அப்ப நெறி, நெறி எப்படிங்க போச்சு, நாச்சாத்தாள் மாவு ஒட்டிய கையைச் சீலையில் துடைத்தாள், எட்டி மருமகளின் ரவிக்கைக் கையை இரண்டு விரலால் மேலே ஏற்றினாள், இன்னும் மேலே, தோளுக்குக் கீழே சதைப்பற்றான ஓர் இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள், இங்க என்றாள், ரெண்டு நாள் காய்ச்சலடிக்கும், அக்குள்ல நெறி கட்டும், பயந்துக்காதே, நான் கூட இருக்கறேன், அப்பறமுந்தான் கண்ணு உன்ற நாத்தனாருக ரெண்டு பேரும் பொறந்தாளுக.

செருப்புச் சத்தம் கேட்டது, வேலாத்தாள் சட்டென்று சீலையைத் தோளுக்கு இழுத்துவிட்டு உள்ளே நகர்ந்தாள், ஆனால் போய்விடவில்லை, கதவோரம் நின்றாள், நஞ்சப்பன் புது வேட்டியும் திருநீறுமாக வந்து நிலைப்படியில் நின்றார், அன்றைக்கு நின்ற அதே இடம், மேளக்காரன் வந்துட்டான், கெளம்பு என்றார், தெருவுல கால் வெக்க எடமில்லை, பின்தெருப் பொம்பளைங்ககூட வந்து உக்காந்திருக்காங்க, நீ ரொம்பப் பேச வேண்டாம், ஆத்தா பாத்துக்குவா, ஊசி வேண்டாம், அவ்வளவுதான், எந்திரி. அவள் மாவிளக்கை எடுத்துத் தட்டில் வைத்தாள், தட்டைத் தரையில் அவர் பக்கமாக நகர்த்தினாள், நான் வரலைங்க என்றாள். அவருக்கு அது கேட்கவில்லை போல, தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒடம்புக்கு என்ன என்றார், ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க, நான் வரலை, அதைச் சொல்ல மாட்டேன். ஏய், வெளையாடாதே, அத்தனை சனமும் உன்ற வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குது, கிட்டங்கி முழுக்க மூட்டை கெடக்குது, இன்னிக்கு நீ வரலீன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போயி நிக்கறது, அவர் குரலைத் தாழ்த்தினார், கதவோரத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார், அவர் பயந்து அவள் பார்த்ததில்லை, இப்போதுதான் பார்க்கிறாள், பயந்தால் அந்த முகத்திலும் வயசு தெரிகிறது, சரி, அவளுக்கு என்னாச்சு, ஏன் வரலைன்னு ஊரு கேட்டா நான் என்னத்தைச் சொல்லட்டும், நீயே சொல்லு என்றார்.

தெரியலைன்னு சொல்லிருங்க என்றாள் நாச்சாத்தாள். கோபமாகச் சொல்லவில்லை, சாவி எங்கே என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள், வெளியே மேளம் ஒரு தட்டுத் தட்டி நின்றது, அவர் நிலைப்படியிலேயே நின்றார், உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை, அவள் அவரைப் பார்க்கவில்லை, வெயில் தரையை விட்டு ஏறிவிட்டிருந்தது, எலி விழுந்த இடம் வெறும் தரையாகக் கிடந்தது, கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் முழுவதும் இப்போது உரலுக்குள் இறங்கி அதன் குழியை விளிம்பு வரை நிறைத்திருந்தது, அவள் கையை அதற்குள் விட்டாள், வெதுவெதுப்பாக இருந்தது.